எல்லா அலைக்கும் ஒரு பலகை

துறைமுகத்தில் அவளுக்குப் பெயரே கிரேன்தான். பதினான்கு வருடம் நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி, லாரியின் முதுகில் முட்டையை வைப்பதுபோல் வைத்தவள். காற்று திரும்புவது கீழே கொடி அசைவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காற்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கடலுக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. காலுக்கடியில் ஒரு பலகை, அதன்மேல் நட்ட கம்பம், கம்பத்தில் ஒரு பாய். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களில் விண்ட்சர்ஃபிங் தெரிந்தவர் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

வருடாந்திரக் கண் பரிசோதனையில்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் காத்திருந்தாள். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டாள். ஆரம்பித்து ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

நேராகப் பார்த்தால் எழுத்து அட்டையின் கடைசி வரி வரைக்கும் தெரிந்தது. ஓரங்கள்தான் போயிருந்தன, அதிலும் இடது பக்கம் அதிகம். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும் என்றும், குழாய் வருடா வருடம் ஒடுங்கும் என்றும் டாக்டர் சொன்னார். மருந்து கிடையாது. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, இரண்டு வருடம் ஓரளவு சமாளிக்கலாம், அதற்குமேல் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

மறுநாளே அவளைக் கூண்டிலிருந்து இறக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். கையுறை, தலைக்கவசம், ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. கூட வேலை செய்தவர்களிடம் முதுகுவலி என்று சொன்னாள். முதுகுவலி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எல்லோருக்கும் இருக்கிறது.

அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். வீட்டில் நாற்காலிகளைச் சுவரோரமாக நகர்த்தினார். அலமாரிக் கதவுகளைத் திறந்தபடி விடாமல் மூடப் பழகினார். இதையெல்லாம் அவளிடம் சொல்லாமலே செய்தார். அவளும் கவனிக்காததுபோல் இருந்தாள்.

அலைத்திடலுக்குப் போக வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது அந்த மாதத்தில்தான். இத்தனை வருடமும் அவள் பாய் விரித்தது துறைமுகத் தடுப்புச்சுவருக்கு உள்ளே, தட்டையான தண்ணீரில். சுவருக்கு வெளியே தெற்கே இரண்டு மைல் தள்ளி ஒரு மணல்திட்டில் அலைகள் வரிசையாக எழும்பும், அதுதான் அலைத்திடல். அங்கே போவதை அவள் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று பதினோரு வருடம் தள்ளிப்போட்டிருந்தாள். இனி அடுத்த வருடம் என்று ஒன்று அவளிடம் இல்லை.

இருந்த மூன்று பலகைகளையும் விற்றாள். மூன்றையும் பழகிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒன்றே ஒன்று வேண்டும், அலைக்கும் ஆக வேண்டும், காற்று குறைந்த நாளிலும் தாங்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்காமல் காலாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிக் காரணத்தை மட்டும் அவள் மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

பலகைக்கடை ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்தாலே பிசின் வாடை மூக்கில் ஏறும். பலகைகள் புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் செங்குத்தாக நின்றன. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேய்ப்புத்தாள் தூசி படிந்து கைவிரல்கள் எப்போதும் வெளுத்தே இருக்கும். உடைந்த பலகையை ஒட்டி, தேய்த்து, ஒட்டியது தெரியாமல் திருப்பிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். அவர் மனைவி பின்னால் ஒரு பெரிய தையல் இயந்திரத்தில் கிழிந்த பாய்களைத் தைத்துக்கொண்டிருப்பார். அவள் இவர்களை அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

தனக்கு வேண்டியதை அவள் சொல்லி முடித்ததும் அவர் சிரித்தார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இல்லையா கிரேன்?"

"ரெண்டும் வேணும்ண்ணே."

அவர் மூன்று பலகைகளை எடுத்துத் தரையில் கிடத்தினார். முதலாவது நன்றாக வளைந்த அடி. அலையில் குதிகாலை அழுத்தினால் பம்பரமாகத் திரும்பும், ஆனால் காற்று கொஞ்சம் குறைந்தால் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிடும், கரையிலிருந்து அலை வரைக்கும் போகவே முடியாது. இரண்டாவது தட்டையான அடி, அம்பு மாதிரி ஓடும், அலையில் ஏறினால் திரும்ப அடம்பிடிக்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். எண்பது லிட்டர் கொள்ளளவு. அவளுடைய ஐம்பத்தெட்டு கிலோ எடைக்கு அது போதும், பாய் விழுந்து நின்றாலும் அமுங்கிவிடாது.

அவள் மூன்றாவதைக் கவிழ்த்துப் போட்டு அதன் வளைவை நுனியிலிருந்து வால் வரைக்கும் உள்ளங்கையால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். பலகை வாங்க வருகிறவர்கள் வர்ணத்தைப் பார்ப்பார்கள், இவள் மட்டும்தான் மாட்டைப் பார்ப்பதுபோல் தடவிப் பார்க்கிறாள் என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்து ஃபின். பலகையின் அடியில் வாலுக்குப் பக்கத்தில் மீன் துடுப்புபோலப் பொருத்துகிற அந்தத் துண்டுதான் பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஒன்று போடலாம், மூன்று போடலாம், நான்கும் போடலாம். அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவளோடு அலைத்திடலுக்கு வந்தார். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஃபின் மாட்டிப் பார்த்தார்கள். நான்கு ஃபின் அலையில் நகம் மாதிரி பிடித்தது, ஆனால் வேகமெடுக்கச் சோம்பியது. நடுவில் ஒன்றே ஒன்று பெரிதாக மாட்டியபோது நேராக நன்றாக ஓடியது, திருப்பத்தில் முரண்டு பிடித்தது. கடைசியில் மூன்று என்று முடிவாயிற்று. நடுவில் பதினாறு சென்டிமீட்டர், இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்து. காற்று குறைந்த நாளுக்குப் பக்கத்து இரண்டையும் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, நடுவில் இருபத்தொன்று போட்டுக்கொள்ளலாம்.

நடு ஃபின் பதினெட்டா பதினாறா என்பதில் மட்டும் இருவரும் கொஞ்சம் வாக்குவாதம் செய்தார்கள். பதினெட்டுதான் நிதானம் என்று அவள் சொன்னாள். பதினாறு போட்டால் நினைத்த மாத்திரத்தில் திரும்பும், அலையில் அதுதான் உயிர் காக்கும் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதே நடந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"அவர்கிட்ட கண்ணைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் அவர் பலமுறை சொன்னார், ஆனால் அந்த ஒரு மாதம் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அது உண்மையில் நல்ல மாதம். பலகை அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. அலை பின்னாலிருந்து தூக்கும்போது முதலில் குதிகாலில் ஒரு இறுக்கம், பிறகு வால் எழும்பும், பிறகு மொத்தப் பலகையும் ஒரு மூச்சு விட்டுச் சரியும். அதற்குக் கண் தேவையே இல்லை. கண் தேவைப்பட்ட இடங்களில் அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளித்தாள். ஒருநாள் கரையில் பாயைச் சுருட்டும்போது கடைக்காரர் கேட்டார், தண்ணியில நீ ஏன் கோழி மாதிரி தலைய ஆட்டிக்கிட்டே இருக்க என்று. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. காற்று பலமாக, சீராக இருந்தது. தண்ணீரில் நான்கைந்து பேர்தான். அவள் நெஞ்சளவு அலை ஒன்றைப் பிடித்துக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அலையின் அடிக்கு இறங்கி இடது பக்கம் திருப்பினாள். பாய் வலது பக்கம் இருந்தது, இடது பக்கம் திறந்துதான் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் முன்னால் இருப்பது தெரிந்திருக்கும். ஒரு சத்தம் கேட்டது. கடல் காகமென்று நினைத்தாள். அடுத்த நொடியில் பலகைக்கடியில் ஏதோ தட்டியது, மிதக்கிற மரக்கட்டை தட்டுவதுபோல், கனமாக, மிருதுவாக.

அவள் தண்ணீரில் விழுந்து எழுந்து தேடினாள். அவளுக்கு எதுவும் ஒரே பார்வையில் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முதலில் ஒரு மஞ்சள் தலைக்கவசம் கிடைத்தது. பிறகு தண்ணீரில் படுத்துக் கிடக்கும் ஒரு பாய். பிறகு சிவப்பாக ஒரு திட்டு. அதற்குப் பிறகுதான் அந்தக் கை, மணிக்கட்டுக்குக் கீழே திறந்து கிடந்த கை, கடைசியாகக் கடைக்காரரின் முகம்.

அவர் விழுந்து, பாயைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். அவள் நேராகத் தன்மேல் வருவதைப் பார்த்து வலது கையைத் தூக்கிக் கத்தியிருக்கிறார். தலை தப்பியது. நடு ஃபின் மணிக்கட்டில் ஏறி இறங்கியது.

அவள் தன் பாயில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அவர் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பலகையின்மேல் அவரைக் கவிழ்த்துப் படுக்கவைத்து நீந்தியபடியே கரைக்குத் தள்ளினாள். அத்தனை தூரமும் அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுந்த நரம்புகளில் சிலவற்றைச் சேர்க்க முடிந்தது, சிலவற்றை முடியவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அசையும், மற்ற மூன்று விரல்களும் மடங்காது என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். கடலில் நடக்கிறதுதான், அலைக்கு நடுவில் விழுந்து கிடந்தது என் தப்பு. அவள் கட்டில் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அண்ணி அவள் தோளைத் தொட்டு, அழாதே, நீ இல்லாமல் போயிருந்தால் ரத்தம் போயே செத்திருப்பார் என்று சொன்னார். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

பதினைந்து நாள் அப்படிப் போனது. அவள் தினமும் வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனாள், பழம் வாங்கிப் போனாள், அண்ணிக்குப் பாய் மடிக்க உதவினாள். கணவர் அவளை எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார்.

பதினாறாம் நாள் அவள் போனபோது கடைக்காரர் கடையில் இருந்தார். அவளுடைய பலகை மேசையின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அவர் இடது கையால் திருப்புளியைப் பிடித்து நடு ஃபின்னின் திருகைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பதினெட்டு சென்டிமீட்டர் ஃபின் ஒன்று எடுத்து வைத்திருந்தது.

"என்னண்ணே பண்றீங்க?"

அவர் நிமிரவில்லை. தூக்கமே வரவில்லை என்று சொன்னார். கண்ணை மூடினால் அந்தத் திருப்பம்தான் வருகிறது. அன்றைக்கு அவள் பதினெட்டு கேட்டாள், அவர்தான் பிடிவாதமாகப் பதினாறு போட்டார். சின்ன ஃபின், வால் வழுக்கியிருக்கும், தன்னைப் பார்த்த பிறகும் அவளால் பலகையைப் பிடித்து நிறுத்த முடியாமல் போயிருக்கும். முப்பது வருடத் தொழிலில் ஃபின் விஷயத்தில் தான் தப்பாகச் சொன்னதில்லை என்று கர்வம் இருந்ததாம். "நல்லவேளை என் கையோட போச்சு," என்றார். "நான் தப்பாப் பொருத்தினதுக்கு வேற யாராவது செத்திருந்தா?"

உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வால் வழுக்கலண்ணே," என்றாள் அவள். "ஃபின் நல்லாத்தான் இருந்துச்சு. நான் உங்களைப் பார்க்கவே இல்ல."

"தண்ணி தெறிச்சா தெரியாதுதான்."

"அது இல்ல. எனக்கு இடது பக்கம் தெரியாது. கண்ணு போயிட்டிருக்கு. அதான் கிரேன்ல இருந்து இறக்கிட்டாங்க."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். இயந்திரம் நின்றுவிட்டது.

"எப்போலேருந்து தெரியும்?"

"பலகை கேட்டு வந்தப்பவே தெரியும்."

அவர் கட்டுப்போட்ட கையை மேசையின்மேல் தூக்கி வைத்தார், அது தன்னுடையது இல்லை என்பதுபோல் பார்த்தார். சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு விற்றிருக்க மாட்டீர்கள் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

"வித்திருப்பேன்," என்றார் அவர். "இதே பலகையத்தான் வித்திருப்பேன். நீ தண்ணியில இருக்கிற நேரம் பூரா உன் இடது பக்கத்துலயே வந்திருப்பேன். அவ்வளவுதானே. அதுல எனக்கு என்ன கஷ்டம்?"

அவள் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி உள்ளேயிருந்து வந்து கணவருக்குப் பின்னால் நின்றார். அண்ணியின் முகம் எங்கே இருக்கிறது என்று அவள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"பதினஞ்சு நாளா இவர் தூங்கல. தினமும் வந்து பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

அண்ணி அவளை நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கிளம்புங்க," என்றார் கடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. "இனிமே இங்க வராதீங்க."

அவள் திரும்பினாள். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு கணம் தெரியவில்லை. அலமாரியில் நின்ற ஒரு பலகையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் எத்தனையோ தடவை அந்தக் கடையில் இப்படி ஏதாவது ஒன்றில் இடித்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் பார்த்து வா கிரேன் என்று சிரிப்பு கேட்கும். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள்.

அன்று இரவு எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். நான்தான் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், எனக்கும் தெரியும்தானே என்று அவர் சொன்னார். அவர் அவளைப் பார்க்காமல், சுவரிடம் பேசுவதுபோல் அதைச் சொன்னார். கையைப் பிடித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கையில் தெம்பே இல்லை.

மறுவாரம் ஒரு ஆள் அந்தப் பலகையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான். நடுவில் பதினாறு அப்படியே இருந்தது. கணவர் அதைத் தன் காரின் கூரையில் கட்டி எங்கோ எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கூரையில் அது இல்லை.

கணவர் இரண்டு முறை கடைக்காரரைப் பார்க்கப் போனார். முதல்முறை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்களாம், யாரும் பேசவில்லையாம். இரண்டாம்முறை கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது என்று வந்து சொன்னார். பலகை ஒட்டித் தேய்க்கிற வேலையைக் கடைக்காரர் விட்டுவிட்டதாகக் கிடங்குப் பக்கம் யாரோ சொன்னார்கள். ஒரு நல்ல கையும் இரண்டு விரலும் வைத்துக்கொண்டு பாயில் கொக்கி கோர்த்துக் கொடுக்கிறாராம், மனைவி தைக்கிறாராம்.

அவள் ஸ்டோர் ரூமில் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள். முன்னமே சொல்லக் கூடாதா என்று ஒருவர் கேட்டார், அவருக்கு அது வெறும் பேச்சு. அளவு வாரியாக அலமாரியில் அடுக்கிய கையுறைகளை அவளால் இப்போது பார்க்காமலே எடுத்துக் கொடுக்க முடிந்தது. நல்ல வேலைக்காரி என்று மேற்பார்வையாளர் சொன்னார். அந்தப் பாராட்டு அவளுக்குள் எங்கேயும் போய் ஒட்டவில்லை.

அடுத்த வருடம் குழாய் இன்னும் ஒடுங்கியது. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று தேட வேண்டும், அதற்குள் அவர் கடந்து போய்விடுவார். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழி அந்தக் கிடங்குத் தெருவைத் தாண்டித்தான் போகிறது, வேறு வழி சுற்று. அவள் கைத்தடியோடு தினமும் அதே வழியில்தான் வந்தாள். யாரோ எதிரே வருகிற காலடி கேட்கும், பக்கத்தில் வந்ததும் மெதுவாகும், சில சமயம் நின்றேவிடும். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, அண்ணே என்று சொல்லிப் பார்ப்பாள். பதில் வராது. தான் கூப்பிட்டது யாரோ அந்நியரையா, கடைக்காரரையேவா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.